படகுக் கயிற்றுக்குக் குனிந்த நாள்

மாம்பலம் ஏரியைத் தூர்த்து மனை பிரித்து, முதல் வீடுகள் எழும்பிய பிறகு ஒரு பெருமழை வந்தது. அந்த மழையில் புது வீடு ஒன்றின் கூடத்துக்குள் முழ நீள விரால் மீன் வந்து படுத்திருந்தது என்று ஊரெல்லாம் பேச்சு. நான் சொல்லப்போவது அதற்கு அடுத்த தை மாசம் நடந்தது. மாசியாகவும் இருக்கலாம். மாமரம் பூத்திருந்தது, அது மட்டும் நிச்சயம். மழை விட்டு மண் இறுகி, சைக்கிள் சக்கரம் புதையாமல் ஓடுகிற காலம்.

அப்போது எனக்கு மந்தைவெளியில் ஜாகை. மயிலாப்பூரில் ஒரு வக்கீல் வீட்டில் வேலை. கேஸ் கட்டுகளைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோவதும் திரும்பக் கொண்டுவருவதும்தான். எனக்கு எழுத்து தெரியாது. கட்டின் பருமனையும், அதன் மேலிருந்த எண்ணெய்க் கறை, மைக் கறையையும் வைத்து எது எந்தக் கேஸ் என்று சொல்லிவிடுவேன். ஒருநாளும் மாறிப்போனதில்லை. வக்கீல் ஐயா எனக்கு ஒரு சைக்கிள் கொடுத்திருந்தார். சீமையில் செய்தது, கறுப்பு, நல்ல உயரம். ஞாயிற்றுக்கிழமை துடைத்து எண்ணெய் போடுவதற்காக அது என்னிடமே இருக்கும். துடைத்தும் வைத்தேன், ஓட்டிக்கொண்டும் போனேன்.

அடையாற்றுப் பாலம் தாண்டினால் ஊர் முடிந்துவிடும். மேற்கே போனால் கிண்டிக் காடு. செம்மண்ணும் சரளையும் கலந்த பாதை. சக்கரத்துக்கடியில் சரளை நறநறவென்று அரைபடுகிற சத்தத்துக்கு மான்கள் தலை தூக்கிப் பார்க்கும், ஓடாது. சைக்கிளையும் ஏதோ புல் தின்கிற பிராணி என்று நினைத்திருக்க வேண்டும். வழியெல்லாம் களாச்செடி. பழத்தைப் பறித்து வாயில் போட்டுக்கொண்டே மிதிப்பேன், நாக்கு கறுத்துப்போகும்.

தெற்கே போனால் கால்வாய்க்கரை. அதைத்தான் நான் அதிகம் விரும்பினேன். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் தாழம்புதர், அதற்கப்பால் சவுக்குத்தோப்பு. சரளை முடிகிற இடங்களில் சவுக்கிலை உதிர்ந்து பாதை மெத்தை மாதிரி இருக்கும். அந்தத் தோப்புக்குள் காற்று புகுந்தால் வருகிற ஓசைக்கு இணையாக நான் எந்தக் கச்சேரியிலும் கேட்டதில்லை. கச்சேரிக்கு உள்ளே போனதில்லை, கபாலீஸ்வரர் கோயில் வெளியே நின்று கேட்டதுதான்.

அந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. எதிர்க்காற்றில் படகுக்குப் பாய் விரிக்க முடியாதபோது, இரண்டு மூன்று ஆட்கள் கரையில் நடந்து கயிறு கட்டி இழுப்பார்கள். அவர்கள் தோளிலிருந்து படகின் பாய்மரம் வரைக்கும் கயிறு பாதையின் குறுக்கே சாய்வாக வரும். எதிரே வருகிறவன் இறங்கி, கயிற்றைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டுத்தான் போகவேண்டும். நான் இறங்கமாட்டேன். தாடை ஹேண்டில்பாரில் படும்படி குனிந்து, மிதியை நிறுத்தாமல் கயிற்றுக்கடியில் பாய்ந்துவிடுவேன். படகுக்காரர்கள் பின்னாலிருந்து என் வம்சத்தையே திட்டுவார்கள். நான் திரும்பிப் பார்த்ததே இல்லை.

என் வீட்டுக்காரி பாலவாக்கத்துப் பெண். மீன்பிடிக்கிற குடும்பம். கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. வாரம் ஆறு நாள் வக்கீல் வீடு, ஏழாம் நாள் காடும் கால்வாயும் என்று நான் இருந்தால் அவளுக்கு என்ன மிச்சம்? ஒரு ஞாயிறு வடபழனி முருகன் கோயிலுக்கு அழைத்துப்போகிறேன் என்று சொல்லியிருந்தேன். அன்றைக்குக் காலையில் சும்மா ஒரு சுற்று போய்வரலாம் என்று கிளம்பினேன். கிண்டியில் ஒரு மான் குட்டி எழுந்து நிற்கப் பழகிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். வீட்டுக்கு வந்தால் கதவு பூட்டியிருந்தது. சாவி பக்கத்து வீட்டில். அவள் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள்.

இரண்டு வாரம் வீம்பாக இருந்தேன். மூன்றாம் ஞாயிறு சைக்கிளை எடுத்துக்கொண்டு பாலவாக்கம் போனேன். மாமியார் வாசலில் வலைக்கு நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

"வா மாப்ளே. மானுங்கல்லாம் சவுக்கியமா?"

"தப்பு என்னுதுதான் அத்தே. இட்டுக்கினு போலாம்னு வந்தேன்."

"நல்லா கேட்டுக்க. இந்த தபா அனுப்புறேன். இன்னொரு தபா இவ தனியா இந்த வாசல்ல வந்து நின்னா, அப்பால இங்கதான் இருப்பா. நீ அந்த சைக்கிளோட குடும்பம் நடத்திக்க."

மாமியார் சொன்னால் சொன்னதுதான். கடலுக்குப் போகிற ஆண்களே அவளுக்குப் பயப்படுவார்கள்.

கேரியரில் கோணியை மடித்துப் போட்டு வீட்டுக்காரியை உட்காரவைத்துக் கிளம்பினேன். கால்வாயில் ஏதோ துள்ளியது.

"மடவை," என்றாள். இன்னொன்று துள்ளியது. "இது கெண்டை."

தலையைக்கூடத் திருப்பாமல் தண்ணீர்ச் சத்தத்தில் மீன் பெயர் சொல்கிறாள்! இத்தனை நாள் இந்தக் கரையில் தனியாக வந்து நான் என்னத்தைப் பார்த்தேன் என்று தோன்றியது. எனக்குத் தெரிந்ததை நானும் காட்ட ஆரம்பித்தேன். அதோ மீன்கொத்தி, இதோ பனங்காடை. அவளும் "எங்கய்யா, எங்க?" என்று கேட்க ஆரம்பித்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த நேரத்தில்தான் எதிரே ஒரு படகு வந்தது. மயிலாப்பூரில் சவுக்கு விறகை இறக்கிவிட்டுக் கோவளத்துக்குத் திரும்புகிற காலிப் படகு. கயிறு வந்தது. பழக்கம், நான் குனிந்தேன், பாய்ந்தேன். பின்னாலிருந்து ஒரே கூச்சல். வழக்கமாகத் திட்டுவதுதானே என்று மிதித்தேன். சைக்கிள் சட்டென்று லேசானது.

"பாத்தியாமே, சரளை முட்ஞ்சிது. இன்னா சொகமா உருளுது பாரு!" என்றேன்.

பதில் இல்லை. வெட்கப்படுகிறாள் என்று நினைத்தேன். காடு, மான், வடபழனி போகிற நாள் என்று பேசிக்கொண்டே போனேன். திருவான்மியூர்ப் பனந்தோப்புக்கு வந்ததும், பதநீர்க்காரன் இருக்கிறானா பார் என்று திரும்பினேன். கேரியரில் கோணி மட்டும் இருந்தது.

திருப்பி மிதித்த மிதியில் செயின் அறுந்திருக்க வேண்டும், அறுந்துபோகவில்லை. படகு எனக்கு முன்னால் தெற்கே போய்க்கொண்டிருந்தது. அதன் மேல் அவள் உட்கார்ந்திருந்தாள். சொட்டச் சொட்டக் கூந்தல், தோளில் யாரோ ஒருவருடைய துண்டு, கையில் கூழ்ச் சட்டி. உயிர் வந்தது. வந்த உயிர் உடனே போனது. படகு போவது பாலவாக்கம் பக்கம். அவளோ தனியாக இருக்கிறாள்.

"யோவ் சைக்கிளு! எதுனா தொலைச்சிட்டியா?" என்றான் கயிறு இழுத்தவன்.

"கால்வாயில மெதந்துச்சி நைனா. உன் சாமானா?" என்றான் இன்னொருவன்.

"எறங்குமே," என்றேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. படகோட்டுகிற பெரியவரிடம், "பாலவாக்கத்துக்கு இன்னும் எத்தினி நேரம்ணே?" என்று கேட்டாள்.

"ரெண்டு பீடி நேரம்."

படகோடு சேர்ந்து மெல்ல ஓட்டினேன். சரளையில் வேகமாக ஓட்டுவது சுலபம், மெல்ல ஓட்டுவது கஷ்டம். மாமியார் வீட்டுப் பக்கத்துத் தென்னைகள் தெரிய ஆரம்பித்தன. பொய் சொல்ல நினைத்தேன், வரவில்லை.

"நீ வுழுந்தது சத்தியமா தெரிலமே."

"எம்மாந்தூரம் தெரில?"

"திருவான்மியூர் பனந்தோப்பு வரிக்கும்."

"அதுவரிக்கும் இன்னா பண்ணிக்கினு இருந்த?"

"உன்னாண்ட பேசிக்கினு இருந்தேன்."

கயிறு இழுத்தவர்கள் நின்றுவிட்டார்கள். சிரிப்பில் அவர்களால் இழுக்க முடியவில்லை.

"இன்னா பேசின?"

"வண்டி சொகமா உருளுதுன்னு சொன்னேன்."

அவள் உதட்டைக் கடித்துப் பார்த்தாள். தாங்கவில்லை. கூழ்ச் சட்டியைக் கீழே வைத்துவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "கரையோரம் தள்ளுங்கண்ணே," என்றாள்.

கரையில் இறங்கியவள் கேரியர் பக்கமே போகவில்லை. முன்னால் இருந்த கம்பியைத் தட்டினாள்.

"இங்க குந்துவேன். பின்னாடி வெச்சா நீ மறந்துடுவ."

"மந்தைவெளில பாத்தா சிரிப்பாங்கமே."

"அப்ப படகுலயே போறேன்."

அந்தக் காலத்தில் பெண்டாட்டியைக் கம்பியில் உட்காரவைத்து எவனும் ஓட்டியதில்லை. நான் ஓட்டினேன். ஈரக் கூந்தல் முகத்தில் அடிக்க, பாதி வழி கண்ணே தெரியவில்லை. அவள்தான் வழி சொன்னாள். "கல்லு, கல்லு! அதோ கயிறு வருது, எறங்கு!" இறங்கினேன். அவளே கயிற்றைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தாள்.

மந்தைவெளி வரும்போது நல்ல வெயில். "பட்டப்பகல்ல ஆம்படையாளை முன்னாடி வச்சுண்டு போறான் பாருங்கோ!" என்று ஒரு மாமி உள்ளே யாரையோ கூப்பிட்டாள். வெற்றிலைக் கடையில் விசில் பறந்தது. எனக்குக் கூச்சம். அவள் கை நீட்டி பெல்லைப் பிடித்து, எங்கள் தெருமுனை வரைக்கும் விடாமல் அடித்துக்கொண்டே வந்தாள். அப்படி ஒரு பெண்.

அப்புறம் எத்தனையோ ஞாயிறு, காடு, கால்வாய், எல்லாம் அவள் முன்னால் உட்கார்ந்தே பார்த்தோம். உங்கள் வீட்டில் சைக்கிள் வைத்திருக்கிறவர்கள் யாராவது இருந்தால் இதைப் போய்ச் சொல்லுங்கள். என் பேர் வேண்டாம். அவள் பெல் அடித்துக்கொண்டு வந்ததை மட்டும் விட்டுவிடாமல் சொல்லுங்கள்.