அவவுக்கு வருத்தம்

குண்டசாலையில் நான் வாடகைக்கு இருந்தது ஒரு வீட்டின் பாதியில். மறுபாதியில் யாழ்ப்பாணத்துக் கணவனும் மனைவியும் இருந்தார்கள். கணவர் அரசாங்க அலுவலகத்தில் லிகிதராக இருந்து ஓய்வு பெற்றவர், அவரை நான் ஐயா என்பேன். கண்டி நகரத்தில் அவர்கள் இருந்த வீடு கலவரத்தில் எரிந்த பிறகு, உடுத்த துணியோடு இங்கே வந்தவர்கள். அந்த அம்மாவை நான் அக்கா என்பேன், அவர் என்னைப் பிள்ளை என்பார். என் கணவர் வளைகுடா நாட்டில் லொறி ஓட்டிக்கொண்டிருந்தார். நான் நகரத்தில் ஒரு புடவைக்கடையில் வேலை செய்தேன். சொந்த ஊர் நாவலப்பிட்டி. அப்பா ரயில்வேயில் தொழிலாளி, அவரைப் பெற்றவர்கள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர்கள்.

ஒரு சொல்லைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் வருத்தம் என்றால் கவலை, மனத்தாங்கல். யாழ்ப்பாணத்தாருக்கு வருத்தம் என்றால் நோய். குடிவந்த புதிதில் அக்கா என்னிடம், "எனக்குச் சீனி வருத்தம், பிள்ளை" என்றார். சீனி தீர்ந்துபோனதற்கா இவ்வளவு கவலை என்று நினைத்து, ஒரு சுண்டு நிறையச் சீனி கொண்டுபோய்க் கொடுத்தேன். நீரிழிவுக்காரிக்குச் சீனி! அன்றைக்கு மூன்று பேரும் வயிறு நோகச் சிரித்தோம். ஆகவே அந்தச் சொல்லின் அர்த்தம் எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல முடியாது.

அக்காவுக்கு மாதம் ஒரு தடவை நகரத்து ஆஸ்பத்திரியில் கிளினிக். முன்பெல்லாம் ஐயாதான் கூட்டிப்போவார். ஒரு நாள் வழியில் சோதனைச் சாவடியில் அவரை மட்டும் இறக்கி, அரைநாள் நிறுத்தி வைத்துவிட்டு அனுப்பினார்கள். பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று அடையாள அட்டையில் இருந்தது போதுமான காரணமாக இருந்தது. அதற்குப் பிறகு அக்கா அவரை வாசலைத் தாண்டவே விடவில்லை. சிங்களம் சரளமாகப் பேசுகிறவள் நான். கடையில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு, மருந்து விவரம் எழுதும் கிளினிக் கொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு மாதாமாதம் நான் போனேன். டாக்டர் சொல்வதை அக்காவுக்குத் தமிழில் சொல்வேன், அக்கா சொல்வதை டாக்டருக்குச் சிங்களத்தில் சொல்வேன். அலுத்துக்கொண்டதில்லை. பெருமையாகக்கூட இருந்தது.

அந்த மாதம் அக்கா அடையாள அட்டையை வீட்டிலேயே மறந்துவிட்டார். சாவடியில் பஸ்ஸை மறித்து எல்லாரையும் இறக்கிய பிறகுதான் அது தெரிந்தது. ஆமிக்காரன் கை நீட்டுகிறான், அக்கா இல்லாத அட்டையைக் கைப்பைக்குள் துழாவுகிறார். நான் முந்திக்கொண்டு, "இது என் பெரியம்மா, நாவலப்பிட்டிப் பக்கம் தோட்டத்து ஆள், இன்னும் அட்டை கிடைக்கவில்லை" என்று சிங்களத்தில் சொன்னேன். தோட்டத்து ஆட்கள் பலருக்கு அன்றைக்கு அட்டை இல்லை என்பது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. அவன் என் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டான்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் என்ன சொன்னேன் என்று அக்கா கேட்டார். சொன்னேன். சிரித்தார்.

"என்ன பிள்ளை, என்னைத் தோட்டக்காட்டு ஆளாக்கிப் போட்டீரே! நல்ல காலம், எங்கட ஆக்கள் ஒருத்தரும் பஸ்ஸுக்குள்ள இல்லை."

எனக்கு முகத்தில் அறைந்தமாதிரி இருந்தது. தோட்டக்காட்டு ஆள் நான்தானே? என் அப்பாவைப் பெற்றவள்தானே? அவருக்காகப் பொய் சொன்ன வாயை அடைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். கிளினிக்கில் தேவையானதை மட்டும் மொழிபெயர்த்தேன். அன்றோடு சரி. அடுத்த மாதக் கிளினிக் நாளில் அக்காவைக் கூப்பிடாமல் வேறு பஸ்ஸில் வேலைக்குப் போனேன். அதற்கடுத்த மாதமும் அப்படியே. சித்திரை வருடப்பிறப்பு வியாபாரம், கடையில் லீவு தர மாட்டார்கள் என்று ஐயாவிடம் சொன்னேன். அது பாதி உண்மைதான். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் இருந்தது, அதை நான் நன்றாகவே காட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு தெரிந்தவை இவை. அக்கா தனியாகக் கிளினிக் போகப் பயந்தார். ஐயாவையும் போக விடவில்லை. கையிலிருந்த மருந்துக் குளிசைகளை இரண்டாக உடைத்துப் பாதி பாதியாகக் குடித்து நாளைக் கடத்தினார். செருப்பு வார் உரசி வலது பெருவிரலில் ஒரு சின்னக் காயம் வந்தது. மஞ்சளும் தேங்காயெண்ணெயும் பூசினார். நீரிழிவுக்காரருக்குக் காலில் உணர்ச்சி குறைவு, அதனால் நோகவில்லை. நோகாததால் அதைப் பெரிதாக எடுக்கவுமில்லை.

ஒரு ஞாயிறு காலையில் ஐயா என் வாசலில் வந்து நின்றார்.

"பிள்ளை, அவவுக்கு வருத்தம். ஒருக்கா வந்து பாரும்."

ஆத்திரக்காரருக்குப் புத்தி மட்டு என்பார்கள். என் காதில் விழுந்தது என் ஊர்ச் சொல். அவவுக்கு வருத்தமாம்! சொல்கிறதையும் சொல்லிவிட்டு மனத்தாங்கலும் அவவுக்கோ?

"எனக்கும்தான் வருத்தம், ஐயா" என்றேன். "நான் வரலீங்க."

அவர் முகம் வாடியது. "ஐயோ, அப்ப நீர் ஆறுதலா இரும் பிள்ளை. பிறகு பாப்பம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு ஆறுதல் சொல்ல வந்துவிட்டாராம் என்று இன்னும் எரிந்தது. ஓய்வாக இரு என்பதைத்தான் அவர்கள் அப்படிச் சொல்வார்கள். மத்தியானம் கதவடியில் ஒரு பிளாஸ்க் நிறைய இஞ்சி தட்டிப் போட்ட மல்லித்தண்ணி இருந்தது. மன்னிப்புக் கேட்க வாய் வராமல் மல்லி கொடுத்து மழுப்புகிறார்கள் என்று நினைத்து, அப்படியே கொல்லையில் ஊற்றினேன். காய்ச்சலாகக் கிடந்த மனைவிக்கு அவித்ததில் பாதியை, எனக்கும் உடம்பு சரியில்லை என்று நம்பி அவர் கொண்டுவந்து வைத்திருக்கிறார்.

நான்கு நாளைக்குப் பிறகு அவர் மறுபடி வந்தார். இந்தத் தடவை வாசலிலேயே நின்று அழுதார். ஓடிப்போய்ப் பார்த்தேன். அக்கா புலம்பிக்கொண்டு கிடந்தார். கால்விரல் கறுத்துப்போய், வீக்கம் கணுக்காலைத் தாண்டியிருந்தது. அறையில் நின்ற நாற்றத்தை நான் எழுதப்போவதில்லை. முச்சக்கர வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சாவடியில் ஆமிக்காரன் காலைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் தடையை விலக்கினான்.

முழங்காலுக்குக் கீழே காலை எடுக்க வேண்டும், நாலு நாள் முந்தி வந்திருந்தால் விரலோடு போயிருக்கும் என்றார் டாக்டர். சிங்களத்தில் சொன்னார். அதைத் தமிழில் சொல்ல வேண்டியவள் நான்தான். முதல் பாதியை மட்டும் சொன்னேன். அக்கா கூரையைப் பார்த்தபடி, "ஓம்" என்றார்.

அறுத்த காயம் ஆறி அக்கா வீட்டுக்கு வந்து ஒரு மாதமாகியும் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஐயா கடைக்குப் போன நேரம் பார்த்து அக்காவின் கட்டிலடியில் உட்கார்ந்தேன். டாக்டர் சொன்ன மறுபாதியையும் சொன்னேன். பஸ்ஸில் அவர் சொன்னது, நான் முகம் கொடுக்காமல் திரிந்தது, ஐயா சொன்ன வருத்தத்தை நான் வேறாக எடுத்தது, மல்லித்தண்ணியை ஊற்றியது, எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

அக்கா யோசித்தார். நெற்றியைச் சுருக்கி உண்மையாகவே யோசித்தார்.

"பஸ்ஸுக்குள்ள நான் என்ன சொன்னனான் பிள்ளை?" என்றார். "எனக்கு ஞாபகமே இல்லை. நீர் என்னோட கோவமெண்டும் எனக்குத் தெரியாது. கடையில வேலை கூடவாக்கும் எண்டுதானே நான் இருந்தனான்."