குங்குமம் வைத்த உறை

அந்த உறையின் மேல் எழுபத்தொரு வெள்ளிக்கிழமைகளின் குங்குமம் இருந்தது. எண்ணிப் பார்த்துத்தான் சொல்கிறேன். ஆடி முதல் வெள்ளியன்று அது தபாலில் வந்தது. மறு ஆண்டு கார்த்திகை இரண்டாம் வாரம், தேனியில் வங்கி மேலாளரின் மேசைமேல் அக்கா அதை மஞ்சள் பையிலிருந்து எடுத்து வைத்தாள். இடையில் ஒரு வெள்ளியைக்கூட அவள் விடவில்லை. ஒட்டிய வாய் ஒட்டியபடியே இருக்க, அதன்மேல் சிவப்பு அடை அடையாகப் படிந்திருந்தது.

மேலாளர் இளவயதுப் பெண்மணி. அந்தக் கிளைக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. உறையைத் தொடவே தயங்கினார்.

“இதைப் பிரிக்கவே இல்லையாம்மா?”

“பத்திரம்னாக. சாமி ரூமுல வச்சேன்,” என்றாள் அக்கா. “பத்திரத்தப் போயி யாரு பிரிப்பா?”

அக்காவின் தென்னந்தோப்பு சின்னமனூருக்கு மேற்கே, வாய்க்காலை ஒட்டி இருக்கிறது. மச்சான் காலமான பிறகு அவளேதான் பார்க்கிறாள். சாலையை அகலப்படுத்தியபோது தோப்பில் ஒரு துண்டு போயிற்று. அதற்கு ஈடாக எட்டு லட்சம் வந்தது. பக்கத்துத் தோட்டக்காரர் என்றைக்காவது திருப்பூரிலிருக்கும் மகனிடம் போய்விடுவார், அப்போது வாய்க்கால் ஓரத்து நிலத்தை அவரிடம் வாங்கி, போன மண்ணுக்கு மண்ணாகவே ஈடுகட்டிவிட வேண்டும் என்பது அவள் எண்ணம். அதுவரை பணம் டெபாசிட்டில் கிடக்கட்டும் என்று, தேனியில் இருக்கும் என்னை அழைத்துக்கொண்டு வங்கிக்கு வந்தாள்.

அன்று எங்களைக் கவனித்தவர் சிரித்த முகமுள்ள ஓர் இளைஞர். “டெபாசிட்டை விட இது நல்லதும்மா. வருமானமும் கூட, இன்சூரன்சும் சேர்ந்தே வரும். ஒரு வருசம் போனா எப்ப வேணா எடுத்துக்கலாம்,” என்றார். அவர் விரல் வைத்த இடத்திலெல்லாம் அக்கா எழுத்துக்கூட்டிக் கையெழுத்துப் போட்டாள்.

நான் போடியில் பள்ளி நூலகராக இருந்து ஓய்வுபெற்றவன். வடை மடித்த தாளைக்கூட வாசிக்காமல் எறிய மாட்டேன். அன்றைக்கு அந்தப் படிவங்களில் ஒரு வரிகூட வாசிக்கவில்லை. குளிர்ந்த அறையில் உட்கார வைத்து, டீ வரவழைத்து, என்னை ‘சார், சார்’ என்றார்கள். அன்றிரவு நாட்குறிப்பில், “அக்கா டெபாசிட் போட்டாள். தேதி சரிபார்த்தேன்” என்று எழுதியிருக்கிறேன். தேதியை மட்டும்தான் சரிபார்த்திருக்கிறேன்.

ஒரு வருடம் முடிந்தது. நிலம் விலைக்கு வராததால் பணத்தையும் எடுக்கவில்லை. கார்த்திகை பிறந்ததும் பக்கத்துத் தோட்டக்காரர் வந்து நின்றார். “மதினி, வித்துட்டுப் போகப் போறேன். குமுளிப் பக்கத்து ஆளு ரொக்கத்தோட நிக்கிறாரு. ஒங்களுக்காகத் தை கடேசி வரைக்கும் பொறுக்குறேன். அதுக்கு மேல மகன் விடமாட்டான்.”

பணத்தை எடுக்கத்தான் வந்திருந்தோம்.

“இது டெபாசிட் இல்லைம்மா,” என்றார் மேலாளர், கணினியைப் பார்த்தபடி. “இன்சூரன்ஸ் பாலிசி. ஏழு வருஷம், வருஷா வருஷம் எட்டு லட்சம் கட்டணும். ரெண்டாவது வருஷம் கட்டாததால நின்னு போச்சு. மெசேஜ் வந்திருக்குமே?”

அக்காவின் போனில் வரும் இங்கிலீஷ் செய்திகளை யாரும் பார்ப்பதில்லை. அவள் மேலாளரிடம் கேட்டாள்: “எட்டு லட்சம் குடுக்க வருசா வருசம் ரோடு போட வருவாகளாம்மா?”

மேலாளர் சிரிக்கவில்லை. “பத்திரம் கைக்கு வந்து முப்பது நாளுக்குள்ள வேண்டாம்னு எழுதிக் குடுத்திருந்தா பணம் திரும்பியிருக்கும். உள்ளே முதல் பக்கத்துலயே போட்டிருப்பாங்க,” என்றார்.

மூவரும் உறையைப் பார்த்தோம். வந்த நாளையும் சேர்த்து முப்பது நாளில் ஐந்து வெள்ளிக்கிழமைகள். அவற்றில் மூன்றில் நான் அக்கா வீட்டில் இருந்தேன். அந்த உறைக்கு வைத்த குங்குமத் தட்டிலிருந்தே எனக்கும் திருநீறு எடுத்துத் தந்தாள்.

அன்று மாலையே புகார் எழுத உட்கார்ந்தேன். பணம் வந்த நாள், வங்கிக்குப் போன நாள், கிழமை, நேரம் என்று நான்கு பக்கம் வந்தது. வாசித்துக் காட்டினேன்.

“ஏலே, கலியாணப் பத்திரிகையா எழுதுற, திதி நட்சத்திரமெல்லாம் போட்டு?” என்றாள் அக்கா. “ஒரு வருசத்துல எடுக்கலாம்னு சொன்னாக, இப்ப எடுக்க விடமாட்டேங்கிறாகன்னு ஒத்த வரி எழுது. அங்கன இருக்குறவுகளுக்கு வேற வேல இல்லையா?”

நான்கு பக்கத்தையும் அனுப்பினேன். மார்கழி தொடக்கத்தில் பதில் வந்தது. வாடிக்கையாளர் திட்டத்தை முழுவதும் புரிந்துகொண்டு தொலைபேசியில் ஒப்புக்கொண்டிருக்கிறார், அதற்குப் பதிவு உள்ளது என்று அதில் இருந்தது.

“நானா?” என்றாள் அக்கா. “எப்ப?”

எனக்கும் நினைவில்லை. அந்தப் பதிவைக் கேட்க வேண்டும் என்று எழுதிப்போட்டேன். மார்கழி மூன்றாம் புதன்கிழமை மேலாளர் எங்களை வரச்சொன்னார். கதவைச் சாத்திவிட்டு, மேசைமேல் ஒரு சின்ன ஒலிபெருக்கியை வைத்தார்.

முதலில் மனிதக் குரலே வரவில்லை. தண்ணீர் ஓடும் சத்தம்தான் வந்தது. அது அக்கா தோப்பின் வாய்க்கால். அந்த நாளும் தெரிந்துவிட்டது. பெரியாற்றுத் தண்ணீர் வாய்க்காலுக்கு வந்த ஆனி மாத ஞாயிறு. என் நாட்குறிப்பில் அன்றைக்கு இருப்பது இவ்வளவுதான்: “வாய்க்காலில் தண்ணீர். அக்கா வீட்டில் அயிரைமீன் குழம்பு.”

ஒரு பெண் குரல் எதையோ வேகமாக வாசித்து முடித்தது.

“திட்ட விவரங்கள் உங்களுக்கு விளக்கப்பட்டதா மேடம்?”

“டெப்பாசிட்டுத்தானம்மா?” அக்காவின் குரல். “ஒரு வருசத்துல எடுத்துக்கிடலாம்னாக.”

“ஆமா, இல்லைன்னு மட்டும் சொல்லுங்க மேடம்.”

தண்ணீரின் சலசலப்பு. அதில் ‘தொபக்’கென்று ஏதோ விழுந்தது. அக்கா விடவில்லை. “எடுத்துக்கிடலாம்ல?”

அப்போது பக்கத்தில் ஓர் ஆண் குரல்: “ஆமான்னு சொல்லுக்கா. என்ன கேட்டாலும் ஆமான்னு சொல்லச் சொன்னாருல்ல அந்தத் தம்பி.”

“ஆமா,” என்றாள் அக்கா.

அந்த ஆண் குரல் என்னுடையது.

அந்த அறையில் என்னால் தலைநிமிர முடியவில்லை. இளைஞர் வாசல்வரை வந்து, “ஒரு போன் வரும் சார், எல்லாத்துக்கும் ஆமான்னு சொல்லிரச் சொல்லுங்க” என்று என் தோளைத் தொட்டுச் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நாற்பது வருட நாட்குறிப்புகள் வீட்டில் அலமாரி நிறைய இருக்கின்றன. எந்த ஊரிலோ, எந்த இயந்திரத்திலோ கிடந்த இந்த ஒன்றரை நிமிடத்தில் இருந்தது அவற்றில் இல்லை. நான் எழுதாமல் விட்ட தண்ணீரின் ஓசை, நான் மறந்துபோன என் குரல், ஒரு முறைக்கு இரு முறை அக்கா கேட்டு யாரும் பதில் சொல்லாத அந்தக் கேள்வி, எல்லாம் ஒரு பொட்டுக் குறையாமல் அதில் இருந்தன.

அக்காவோ சிரித்துக்கொண்டிருந்தாள். “ஒன் குரலுடா! நல்லாப் பதிஞ்சிருக்கு.” பிறகு மேலாளரிடம், “இன்னொரு தடவ போடுங்கம்மா” என்றாள்.

மறுபடியும் தண்ணீர் ஓடியது. அந்தத் ‘தொபக்’ வந்ததும் அக்கா விரலை உயர்த்தினாள். “கேட்டீகளா? வாய்க்கா மேல சாஞ்சு நிக்கிற மரத்துக் காயி. தரையில விழுந்தா இந்தச் சத்தம் வராது. இப்ப வெலைக்கு வருதே, அந்த மண்ணுல நிக்கிற மரம்மா அது. இதுக்குத்தான் நான் கெடந்து அல்லாடுறேன்.”

மேலாளர் ஒலிபெருக்கியைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த வியப்புதான் என் முகத்திலும் இருந்திருக்கும்.

“அம்மா கேட்டது இதுல தெளிவா இருக்கு,” என்றார் மெதுவாக. “ஆனா ஆமான்னு சொல்லியும் இருக்காங்க. சொல்லச் சொன்னது யாருன்னு உங்க நாலு பக்கத்துல எங்கயும் இல்லையே சார்?”

அங்கேயே ஒரு தாள் வாங்கி எழுதினேன். கையெழுத்துப் போட்ட அன்றும் போன் வந்த அன்றும் நான் உடன் இருந்தேன். படிவங்களை வாசிக்கவில்லை. உங்கள் ஊழியர் ஆமென்று சொல்லச் சொன்னார், அதை நான் என் அக்காவுக்குச் சொல்லிக்கொடுத்தேன். ஓராண்டில் எடுக்கலாமா என்று அவள் கேட்டதற்கு உங்கள் தரப்பில் பதில் இல்லை. அரைப் பக்கம்கூட வரவில்லை. அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன்.

“இப்பத்தான் லெட்டரு மாதிரி இருக்கு,” என்றாள்.

அதன் பிறகு காத்திருப்பு. தை பிறந்தது. குமுளிக்காரர் இரண்டு முறை வந்து தோப்பைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார். அக்கா ஒருவரையும் திட்டவில்லை. காலையில் வாய்க்கால் ஓரம் நடந்து, அந்த மரத்தடிவரை போய்த் திரும்பினாள். தை மூன்றாம் வெள்ளியன்று அவள் போனுக்கு ஒரு செய்தி வந்தது. பாலிசி ரத்து, எட்டு லட்சமும் கணக்கில் சேர்ந்தது என்று வாசித்தேன்.

“இன்னொருக்க வாசி. ஒனக்கு ஒரு தடவ வாசிச்சாப் பத்தாது.”

வாசித்தேன். “வட்டி கிடையாதாம்க்கா.”

“வட்டிய ஒங்கிட்ட வாங்கிக்கிறேன்,” என்றாள்.

தை முடிய நான்கு நாள் இருக்கும்போது பத்திரம் எழுதுபவரிடமிருந்து கிரயப் பத்திரத்தின் வரைவு வந்தது. பதிவுக்கு முன் பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்திருந்தார். அதைக் கொண்டுபோய் அக்காவிடம் நீட்டினேன். பழக்கதோஷத்தில், “சாமி ரூமுல வைக்கவா?” என்று கேட்டேன்.

“மொதல்ல கடேசி வரைக்கும் வாசி. பொட்டெல்லாம் அப்புறம்.”

தோப்பில் கட்டிலைப் போட்டு உட்கார்ந்தோம். பக்கத்துத் தோட்டக்காரரும் வந்திருந்தார். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். வடக்கே, தெற்கே, கிழக்கே, மேற்கே என்று எல்லைகளை நிறுத்தி நிறுத்தி வாசித்தேன். ஒவ்வொன்றுக்கும் லேசாகத் தலையசைத்தாள். “மேற்படி நிலத்திலுள்ள தென்னை மரங்கள் பதினொன்று” என்றேன்.

கண்ணைத் திறந்தாள். “பன்னெண்டு.”

“வந்து பாத்த ஆளு பதினொண்ணுன்னுதான் மதினி எழுதிட்டுப் போனாரு,” என்றார் தோட்டக்காரர்.

“சாஞ்சத விட்டுட்டாரு. அதுக்குத் தலதான் வாய்க்கா மேல நிக்கிது. வேரு இந்த மண்ணுலதான இருக்கு?”

எழுந்து போனேன். ஒவ்வொரு மரமாகக் கைவைத்து எண்ணினேன். பதினொன்று முடிந்த இடத்தில் கரை சரிந்தது. சரிவில் எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம் தூர் ஊன்றி, தண்ணீருக்கு மேலே முழு உடம்பையும் நீட்டிக்கொண்டு அந்த மரம் நின்றது. எத்தனையோ வருடமாக அந்தக் கரையில் நடந்திருக்கிறேன். அதை நான் வாய்க்காலுடைய மரம் என்றே நினைத்திருந்தேன்.

திரும்பி வந்து, பதினொன்றை அடித்துப் பன்னிரண்டு என்று எழுதி, ஓரத்தில் தேதி போட்டேன். தோட்டக்காரர் அதைப் பார்த்துவிட்டுச் சரியென்று தலையாட்டினார்.

அக்கா மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டாள்.

“ம். மேல வாசி.”