லாபம் என்று தொடங்கிய ஊசி

போடி பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த அந்த மாடி அறையில் நான் இருந்தேன். என் நாத்தனார் இருந்தாள். எங்களை ஏலத்தோட்டத்துக்கு ஏற்றிப்போகும் ஜீப்பு டிரைவர், கழுத்தில் ஊசிகளோடு உட்கார்ந்திருந்தார். நாலாவது ஆள் ஊசி வைத்தியர்.

ஒல்லியான மனிதர். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. எனக்கு வலி இடுப்பில். அவரோ என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் கண்ணை மூடியிருந்தார். எனக்கு அப்போதே நம்பிக்கை போய்விட்டது.

"நாளைக்கும் வரலைன்னா கங்காணி வேற ஆளப் போட்ருவாருக்கா" என்றார் டிரைவர். அதனால் குப்புறப் படுத்தேன்.

வைத்தியர் இடுப்பில் கைவைத்து, "லாபம்" என்றார். சுருக்கென்றது. பிறகு "ரெண்டு, மூணு" என்று ஏழு வரை போனார். படியால் அளக்கும் கடைக்காரர்கள்தான் ஒன்று என்பதற்கு லாபம் என்பார்கள்.

"கடையில அளந்தவரா நீங்க?"

"அதே கைதான் ஆத்தா. அசையாமப் படுங்க."

அரைமணி கழித்து ஊசிகளை உருவித் தட்டில் போட்டார். நாத்தனார் எண்ணினாள். ஆறு.

"இன்னொண்ணு எங்க?" என்றேன்.

"லாபம்னப்ப விரலாலதான் அமுக்கினேன். குத்தல."

"லாபத்த அவரே எடுத்துக்கிட்டாருக்கா" என்று டிரைவர் சிரித்தார்.

நாத்தனார் என் முதுகெல்லாம் தடவினாள். ஒன்றும் அகப்படவில்லை.

மறுநாள் ஜீப்பு ஏறினேன். சாயங்காலம் வரை குனிந்து ஏலக்காய் எடுத்தேன். வலி இல்லை. அந்த மனிதரை நம்புவதா வேண்டாமா என்று இன்னும் தெரியவில்லை. சுருக்கென்றது என் உடம்பில்தான். நான் எண்ணியது ஏழு.