இடைவாரில் ஒரு காலிக் குழல்

மாயாண்டி குழலைக் காதோரம் வைத்து ஆட்டினான். கருமருந்து உள்ளே மணல்போலச் சரிந்து அடங்கியது. மூடியைத் திருகி இறுக்கி, கண்ணாடி மேசைமேல் மற்றதற்குப் பக்கத்தில் வைத்தான்.

"இதுதான் நல்லது," என்று பிளாஸ்டிக் குழலைத் தொட்டுக் காட்டினான் மாயாண்டி. "உள்ள இருக்கிறது வெளிய தெரியும்."

கல்ஃபான் சிரித்தான். அர்பாப் என்று எல்லோரும் அழைக்கும் கடை முதலாளியின் இளைய மகன். அமெரிக்காவில் படிக்கப் போய், படிப்போடு குழாயின் வாய்வழியாக வெடிமருந்து கெட்டிக்கும் புதுத் துப்பாக்கி ஒன்றின் மேல் ஆசையையும் கொண்டுவந்திருந்தான். அந்த வகைத் துப்பாக்கியில் முதலில் மருந்து, அப்புறம் குண்டு, அப்புறம் கம்பியால் இடி. வேட்டையில் நின்றுகொண்டு மருந்தை அளக்க நேரம் இருக்காது. அதனால் முன்கூட்டியே ஒரு வெடிக்கான மருந்தைக் குழலின் ஒரு முனையிலும் குண்டை மறு முனையிலும் அடைத்து வைத்துக்கொள்வார்கள். மஸ்கட்டில் ரூவிப் பகுதியில் இருந்த அந்தக் கடையில் இரண்டு வகை ஸ்பீடு லோடர் இருந்தன. ஒன்று ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக். இன்னொன்று பித்தளை.

"பிளாஸ்டிக் ஆஸ்பத்திரி மருந்துக் குப்பி மாதிரி இருக்கிறது," என்றான் கல்ஃபான் இந்தியில். தாத்தாவின் தோல் இடைவாரைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் விரித்தான். வரிசையாகத் தோல் வளையங்கள். பித்தளைக் குழல் ஒவ்வொன்றிலும் அளவெடுத்ததுபோல் உட்கார்ந்தது.

"எந்தா மாயாண்டி, அர்பாபோட மகனுக்கு பிளாஸ்டிக் விக்கிறியா?" என்றான் கல்லாவிலிருந்த சேதுமாதவன். "நாளைக்கு அவர் கல்யாணத்துக்கு பிளாஸ்டிக் வாள் குடுப்ப."

"பித்தளையில காலியும் நெறஞ்சதும் ஒண்ணுபோலத்தான் இருக்கும் சார். சுட்டு முடிச்ச குழலை எங்க வைப்பாராம், கேளுங்க."

சேதுமாதவன் அரபியில் கேட்டான். காலியானதும் மூடி போட்டு அதே வளையத்தில் திரும்பச் செருகிவிட வேண்டும் என்றான் கல்ஃபான். இடைவாரில் ஓட்டை தெரிய நடப்பவனை அவன் குடும்பத்தில் மதிக்க மாட்டார்கள். பாதி உடுத்தியவன் என்பார்கள்.

"உன் ஊரில் எங்கே வைப்பீர்கள்?" என்று மாயாண்டியிடம் கேட்டான்.

மாயாண்டி காலிக் குழலைப் பல்லிடுக்கில் கடித்துக் காட்டினான். வருசநாட்டு மலையில் அதுதான் வழக்கம். கெட்டித்தபிறகு வெடி கிளம்பும்வரை குழல் வாயில் இருக்கும். வெடித்தபிறகுதான் பைக்குள் போகும். பையில் காலிக் குழல் கிடந்தால் ஒரு வெடி தீர்ந்தது என்று பொருள்.

"அப்படியானால் சுடும்வரை யாரும் பேச மாட்டீர்களா?"

"பேசினா பன்றி ஓடிடும்."

கல்ஃபான் வாய்விட்டுச் சிரித்தான். பித்தளையையே எடுத்துக்கொண்டான். நிரப்பும் வேலைக்கு மாயாண்டியையும் சேர்த்து எடுத்துக்கொண்டான்.

மாயாண்டி மஸ்கட்டுக்கு வந்தது கூடாரமும் மீன்வலையும் சுமக்க. அதற்கு முன் எஸ்டேட்காரர் ஒருவரின் ஏலத்தோட்டத்தில் பன்றிக் காவல் பார்த்தவன். லைசென்ஸ் எஸ்டேட்காரர் பெயரில். துப்பாக்கி மாயாண்டியின் தோளில். ரூவிக் கடையில் கருமருந்து அலமாரிப் பக்கம் போக எல்லோருக்கும் பயம். தனக்குப் பெண்டாட்டி பிள்ளை இருப்பதாகச் சேதுமாதவன் சொல்லிவிட்டான். மாயாண்டிக்கும் இருந்தார்கள், அதை யாரும் கேட்கவில்லை. அலமாரிச் சாவி அவனிடம் வந்து சேர்ந்தது. லீவில் ஊருக்குப் போகும்போது மனைவி உமாராணியிடம் கூடாரம் விற்பதாகத்தான் சொல்வான். அவள் அவன் விரலை முகர்ந்து பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள்.

அர்பாபின் ஆட்டுப் பண்ணை இப்ராவுக்கு அப்பால், கருத்த மலைகளின் அடியில் இருந்தது. ஓநாய் ஒன்று ஆட்டுக்குட்டிகளைத் தூக்கிக்கொண்டிருந்தது. அதைச் சுடத்தான் கல்ஃபான் மாயாண்டியோடு வந்திருந்தான். கிழித்துப்போட்ட தோல்கள் வேலியோரம் காய்ந்து விறைத்துக் கிடந்தன. பண்ணையைப் பார்த்துக்கொண்டவர் கலீலுர் ரஹ்மான், ராமநாதபுரம் பக்கத்துக்காரர். அரபியில் அரபிக்காரர்களுக்கே திருத்தம் சொல்லக்கூடியவர்.

"வாய்யா வெடிமருந்து," என்றார் மாயாண்டியைப் பார்த்ததும். "எங்க ஆட்டுக்குப் பக்கத்துல பீடி பத்தவச்சிராத."

"பீடிய விட்டாச்சு பாய்."

"எத விட்ட? உசிர கையில வச்சிக்கிட்டுத் திரியிற வேலைய விட்டியா?"

அன்று மாலை கல்ஃபான் துப்பாக்கியோடு ஓடைப் பக்கம் நடந்தான். காற்று நின்றிருந்தது. ஆடுகள் பட்டியின் ஒரே மூலையில் நெருக்கியடித்து, தீனியைத் தொடாமல் மலையைப் பார்த்தபடி நின்றன. மாயாண்டி அந்நேரம் கிணற்று மோட்டார் அறைக்குள் மருந்து டப்பாவை வைக்க ஈரமில்லாத இடம் தேடிக்கொண்டிருந்தான். மோட்டார் இரைச்சலில் வேறெதுவும் கேட்கவில்லை. திரும்பி வந்தபோது தொழுகை முடிந்திருந்தது. துப்பாக்கி சுவரில் சாய்ந்திருந்தது. இடைவார் ஆணியில் தொங்கியது, எல்லா வளையமும் நிறைந்து, ஓட்டை இல்லாமல்.

காலையில் அவன் தன் வேலையைச் செய்தான். ஒவ்வொரு குழலாக உருவி, காதோரம் ஆட்டிப் பார்த்துச் செருகினான். ஒன்று சத்தம் போடவில்லை. ஒரு வெடி போட்டிருக்கிறார், என்று நினைத்துக்கொண்டான். அளந்து மருந்தைக் கொட்டி, குண்டை அடைத்து, மூடியைத் திருகி அதே வளையத்தில் வைத்தான். பித்தளையில் பதிந்த விரல் கறையைச் சட்டையால் துடைத்தான்.

கல்ஃபான் தேநீரைக் குடித்துவிட்டு வந்து இடைவாரைக் கட்டினான். கட்டைவிரலால் குழல்களை வரிசையாகத் தடவி, ஒன்றிரண்டை உருவிக் கையில் எடைபார்த்தான். எல்லாம் கனத்தன. முந்தைய மாலையின் நினைவு அவனுக்கு இருந்ததோ என்னவோ, இடைவார் நிறைந்திருந்தது. இடைவார் நிறைந்திருந்தால் துப்பாக்கி வெறுமையாக இருக்கிறது என்றுதான் கணக்கு. முற்றத்தில் நின்று கெட்டித்தான். மாயாண்டி தொட்டியில் கை கழுவிக்கொண்டிருந்தான். இடித்த கம்பி குழாயின் வாய்க்கு மேலே சற்று அதிகமாக நீட்டி நின்றதைப் பார்த்தான். புதுத் துப்பாக்கி, குண்டு இறுக்கமாகப் போயிருக்கும் என்று தோன்றியது. கல்ஃபான் கம்பியை உருவினான். கையசைத்துவிட்டு ஓடைக்குள் இறங்கிப் போனான்.

கலீலுர் ரஹ்மான் தீனி மூட்டையை அவிழ்த்தார்.

"நேத்து போட்ட வெடி பட்டுச்சா பாய்?" என்று கேட்டான் மாயாண்டி. "ரத்தம் கித்தம் பாத்தீகளா?"

"எந்த வெடி?"

"சின்ன அர்பாப் போட்டாரே."

"அவரு எங்க போட்டாரு? ஓட மொகட்டுல கெட்டிச்சுக்கிட்டு நின்னாரு. பாங்கு சொல்லவும் வந்து சொவத்துல சாச்சுட்டு கை கால் கழுவி ஒளு செய்யப் போனாரு. தொழுதாரு, தின்னாரு, படுத்தாரு. இங்க கொசு கொட்டாவி விட்டாலும் எனக்குக் கேக்கும்."

மாயாண்டியின் கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"நான் நெறச்சுட்டேன் பாய்."

"எத?"

"காலிக் கொழல. சுட்டதுன்னு நெனச்சு நெறச்சுட்டேன். நேத்துக் கெட்டிச்சது உள்ளயே இருக்கு. அது மேல இன்னொண்ணக் கெட்டிச்சுட்டுப் போறாரு."

"ரெண்டும் இருந்தா?"

"குழா தாங்காது. கன்னத்துல வச்சுத்தான் சுடுவாரு."

கலீலுர் ரஹ்மான் போனை எடுத்தார். அந்த மலையடியில் போன் என்றுமே வேலை செய்ததில்லை. தெரிந்தும் அழுத்திப் பார்த்தார். அதற்குள் மாயாண்டி ஓடியிருந்தான். ஓடை முழுக்க உருளைக் கற்கள். செருப்பு ஒன்று கல்லிடுக்கில் மாட்டி நின்றுவிட்டது. மாஃபி, மாஃபி என்று கத்தினான். அவனுக்குத் தெரிந்த அரபியில் வேண்டாம் என்பதற்கு அருகில் அந்தச் சொல்தான் இருந்தது. மலை அதை வாங்கி எங்கிருந்தோ திருப்பி அனுப்பியது. கூப்பிடுவது எந்தப் பக்கம் என்று கேட்கிறவனுக்குத் தெரியாது.

"கத்தாத," என்றார் பின்னால் மூச்சிரைக்க வந்த கலீலுர் ரஹ்மான். "ஓநாய வெரட்டுறோம்னு நெனச்சுத் துப்பாக்கியத் தூக்கிரப் போறாரு."

மாயாண்டி வாயைப் பொத்திக்கொண்டான். கத்தினாலும் ஆபத்து, கத்தாவிட்டாலும் ஆபத்து. வளைவுக்கு அப்பால் மேட்டில் ஒரு வெள்ளைத் துணி தெரிந்தது. கல்ஃபானின் முதுகு. ஒரு பாறைமேல் முழங்கையை ஊன்றியிருந்தான். அவனுக்கு முன்னால், எதிர்ச் சரிவில், சாம்பல் நிறத்தில் ஒன்று தலை தாழ்த்தி நடந்தது. அது நின்று, மாயாண்டியைப் பார்த்தது.

அவன் மறுபடி கத்தினான். கல்ஃபான் என்று பெயரைச் சொல்லிக் கத்தினான்.

வந்தது வெடிச் சத்தம்போல இல்லை. தகரக் கொட்டகை ஒன்று மொத்தமாகச் சரிந்ததுபோல் இருந்தது. புகை பக்கவாட்டில் விரிந்தது.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது கல்ஃபான் பாறையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். துப்பாக்கியின் குழாய் வாழைப்பூ மடல்போல் பிரிந்து கிடந்தது. முகத்தின் ஒரு பக்கம் கருத்திருந்தது. இடது கையை, வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஓநாய் போய்விட்டதா?" என்று கேட்டான்.

மாயாண்டி தலைப்பாகைத் துணியை அவிழ்த்து அந்தக் கையைச் சுற்றினான். துணி உடனே கனத்தது.

மறுநாள் மஸ்கட் ஆஸ்பத்திரி வராந்தாவில் பெரிய அர்பாப் உட்கார்ந்திருந்தார். கல்ஃபானின் இடது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன. வலது கண்ணுக்குக் கட்டுப் போட்டிருந்தார்கள். பார்வை பற்றி டாக்டர் எதுவும் சொல்லவில்லை. போலீஸ்காரர் ஒருவர் வந்து துப்பாக்கியைச் செய்த ஊரை மட்டும் கேட்டுக் குறித்துக்கொண்டு போனார். மாயாண்டி கலீலுர் ரஹ்மானிடம், காலிக் குழலை நிரப்பியது நான்தான், அதனால்தான் வெடித்தது என்று அர்பாபிடம் சொல்லச் சொன்னான். கலீலுர் ரஹ்மான் அரபியில் ஏதோ சொன்னார். அர்பாப் எழுந்து மாயாண்டியின் தோளைத் தட்டினார்.

"என்ன சொன்னீக?"

"நீ ரொம்ப வருத்தப்படுறன்னு சொன்னேன். ஒன்ன ஜெயில்ல போடச் சொல்லி என் வாயால சொல்லணுமா?"

மாயாண்டி தானே சொல்லப் பார்த்தான். இந்தியில் தொடங்கினான். அர்பாபுக்கு இந்தி வராது. கல்லாஸ், கல்லாஸ், போதும் விடு என்று கையைக் காட்டி அவனை உட்கார வைத்தார்.

மதியம் இருவருக்கும் சாப்பாடு வாங்கிக் கொடுத்தார்கள். கலீலுர் ரஹ்மான் பண்ணைக்குத் திரும்பினார். மாயாண்டியை ரூவியில் இறக்கிவிட்டார்கள். நான்கு மணிக்குக் கடை திறந்தது. சேதுமாதவன் கேட்டதற்கு, துப்பாக்கி வெடித்துவிட்டது என்று மட்டும் சொன்னான். மீன்பிடிக்கும் ஒருவர் வந்து தூண்டில் நரம்பு கேட்டார். மாயாண்டி அளந்து வெட்டிச் சுருட்டிக் கொடுத்தான். அதன்பிறகு இருட்டும்வரை யாரும் வரவில்லை.