பட்டியலில் இல்லாத மாத்தாள்

தேவனாம்பட்டினத்துப் பச்சமுத்து மஞ்சக்குப்பத்தில் செக்யூரிட்டி கம்பெனி வைத்திருந்தார். கம்பெனி என்றால் மாடியில் ஓர் அறை, பதினாலு காவலர்கள், சுவரில் சட்டம் போட்டு மாட்டிய லைசென்ஸ். அந்த லைசென்ஸுக்காக அவர் ஏறி இறங்கிய படிகளைச் சொன்னால் நமக்கே கால் வலிக்கும். ஒவ்வொரு ஆளுக்கும் பயிற்சிச் சான்று, போலீஸ் சரிபார்ப்பு, அடிபட்டால் பணம் தரும் பாலிசியில் பெயர். எல்லாம் சுத்தமாக வைத்திருந்தார், ஒன்றைத் தவிர.

அந்த ஒன்று மாத்தாள். காவலர்களில் பாதிப் பேர் அவர் ஊர்க்காரர்கள். அங்கே மீன்பிடிப் படகுக்குப் போகிற ஒருவனுக்கு உடம்பு முடியவில்லை என்றால், அவன் தம்பியோ மச்சானோ மாத்தாளாக ஏறுவான். அன்றைய பங்கு முடியாதவன் வீட்டுக்கே போகும். யாரும் பெயர் கேட்பதில்லை. அந்தப் பழக்கத்தை அப்படியே டூட்டிக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். பச்சமுத்துவுக்குத் தெரியும். தெரிந்தும் கண்டுகொள்ளவில்லை. அந்தக் காலத்து ஒட்டுறவு இன்னும் விட்டுப்போகவில்லையே என்று உள்ளுக்குள் சந்தோஷம் வேறு.

மாசி மகத்தன்று காவலன் ஜெயசீலன் சாமி பார்க்கப் போய்விட்டான். படகுக்குப் போகும் அவன் மச்சான் பூவரசன், அவனுடைய யூனிஃபார்மை மாட்டிக்கொண்டு ஐஸ் கம்பெனி கேட்டில் நின்றான். நோட்டில் ஜெயசீலன் என்றே எழுதியும் வைத்தான். ரிவர்ஸில் வந்த லாரி அவன் வலது காலில் ஏறிவிட்டது.

ஆஸ்பத்திரி வாசலில் ஜெயசீலன் ஒரு யோசனை சொன்னான்.

"மாமா, பாலிசியில எம் பேருதான இருக்கு? நான் கட்டு போட்டுக்கிட்டு மூணு மாசம் படுத்துக்கிறேன். பணம் வந்தா அவன் ஆபரேஷனுக்கு ஆவும்."

கோமாளித்தனமான யோசனைதான். ஆனால் பூவரசனின் காலைப் பார்த்துவிட்டு வந்த பச்சமுத்துவுக்குச் சிரிப்பு வரவில்லை. உண்மையைச் சொன்னால் பணமும் வராது, லைசென்ஸும் தங்காது. படிவத்தை எடுத்துக்கொண்டு, பாலிசி ஆபீஸ் இருக்கிற சிதம்பரத்துக்கு பஸ் ஏறினார்.

ஆலப்பாக்கம் தாண்டும்போது தம்பி உத்திராபதியின் நினைவு வந்தது. முப்பது வருஷத்துக்கு முன்னால், காய்ச்சலில் கிடந்த அண்ணனுக்கு மாத்தாளாகக் கடலுக்குப் போனவன். "பங்கு ஒனக்குதாண்ணே, கொழம்பு மட்டும் எனக்கு" என்று சிரித்துக்கொண்டே போனான். காற்றில் படகு கவிழ்ந்து, மூன்றாம் நாள் கிள்ளைப் பக்கம் கரை ஒதுங்கினான். அம்மா மண்ணில் புரண்டு உத்திராபதி, உத்திராபதி என்றுதான் அழுதாள். அதன் பிறகு பச்சமுத்து படகில் கால் வைக்கவில்லை. அந்தச் சிரிப்பு இன்றைக்கும் காதில் கேட்டது. பஸ்ஸில் எல்லாரும் பார்க்க அழுதார்.

ஆபீஸில் கயல்விழி என்ற அதிகாரி படிவத்தைப் புரட்டினார்.

"கேட்டுல நின்னவரு ஜெயசீலன்தான சார்?"

"இல்லம்மா. பூவரசன்."

அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்தார். "யோசிச்சுச் சொல்லுங்க சார். லிஸ்ட்ல இல்லாதவருக்கு க்ளைம் வராது. லைசென்ஸ் ஆபீசுக்கும் நான் எழுதியாவணும்."

"எழுதும்மா. நின்னவன் அவன், அடிபட்டவன் அவன். அவன் பேரு மட்டும் எங்கியும் இல்லன்னா எப்பிடி?"

பச்சமுத்து கம்பெனி வேனை விற்று ஆபரேஷனை முடித்தார். லைசென்ஸை மூன்று மாதம் நிறுத்திவைத்தார்கள். காவலர்கள் ஆளுக்கொரு கம்பெனிக்குப் போனார்கள். பூவரசன் காலை ஊன்றவும் மூன்று மாதம் ஆகும் என்றார் டாக்டர்.

மறுவாரம் விடியும் நேரத்தில் பச்சமுத்து கரைக்குப் போனார். பூவரசன் போகிற படகின் சொந்தக்காரன் ராஜ்கமல், கடலுக்குப் போகிறவர்களின் பெயரை டோக்கன் சீட்டில் எழுதிக்கொண்டிருந்தான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தவரைப் பார்த்ததும் எழுதுவதை நிறுத்தினான்.

"மாமா, நீங்களா? யாருக்கு மாத்தாளு?"

"பூவரசனுக்கு. பங்கு அவன் வூட்டுக்குப் போவணும்."

ராஜ்கமல் பழக்கதோஷத்தில் பூவரசன் என்று எழுதத் தொடங்கினான். பச்சமுத்து அவன் கையைப் பிடித்தார்.

"எம் பேர எழுதுடா" என்றார்.