ஜீப்பில் ஓடிய என் குரல்

என் குரலைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு, மறைத்து என்ன ஆகப்போகிறது. மாரியம்மன் திருவிழா, ஸ்வெட்டர் தள்ளுபடி, கண் பரிசோதனை முகாம், காணாமல் போன மாடு, எதுவானாலும் குன்னூர்ச் சுற்றுவட்டாரத்தில் என் ஜீப்பைத்தான் கூப்பிடுவார்கள். பேசிப் பதிந்து பென்டிரைவில் போட்டு, கூரையில் கட்டிய இரண்டு குழாய் ஸ்பீக்கர்களிலும் ஓடவிட்டுக்கொண்டு போவேன். பனிமூட்டத்தில் வண்டி கண்ணுக்குத் தெரியாது. குரல் மட்டும் முன்னால் போகும்.

போன வருடம் மழை விட்ட சமயத்தில் ஒரு பெண்கள் அமைப்பு ஐந்து நாளுக்கு வண்டி பேசியது. எஸ்டேட் எஸ்டேட்டாகப் போய், பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்கள் புகார் கொடுக்க முன்வர வேண்டும் என்று அறிவிக்க வேண்டும். அமைப்பின் வக்கீலம்மா என் பக்கத்து சீட்டில் வருவார். அவர் எழுதிக் கொடுத்தது நான்கே வரி. பயப்படாதீர்கள். நடந்தது உங்கள் தவறல்ல. வெளியே சொல்லுங்கள். நாங்கள் உடன் இருக்கிறோம். எனக்கு அது உப்புச்சப்பில்லாமல் பட்டது. பதியும்போது ஆரம்பத்தில் "என் உடன்பிறந்த சகோதரிகளே" என்று நானாகச் சேர்த்தேன். வக்கீலம்மா கேட்டுவிட்டு, உருக்கமாக இருக்கிறது என்றார். காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

இரண்டாம் நாள் நான் பிறந்து வளர்ந்த எஸ்டேட். என் தங்கை அங்கே ஃபேக்டரியில் தேயிலைத் தூள் சலிக்கும் இடத்தில் வேலை பார்க்கிறாள். அம்மா ரிட்டையர் ஆகிவிட்டதால், அவர்கள் இருக்கும், எஸ்டேட் கொடுத்த லைன் வீடு தங்கையின் வேலையில்தான் நிற்கிறது. அவளுக்கு வேலை போனால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். நானோ குன்னூரில் ஒற்றை அறையில் மனைவி, இரண்டு பிள்ளைகளோடு முட்டிக்கொண்டிருக்கிறவன்.

சாயங்காலம் டீ குடிக்க அந்த வீட்டுக்குப் போனேன். அம்மா கடைக்குப் போயிருந்தார். தங்கை டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, உட்காராமல், சுவரைப் பார்த்தபடி சொன்னாள். ஃபேக்டரி சூப்பர்வைசர். குடோனில் வேலை இருக்கிறது என்று தனியாகக் கூப்பிட்டிருக்கிறான். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. அவள் சொல்லி முடிக்கும்வரை அந்த டீயை நான் குடிக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.

"காலைல உங்க குரல் கேட்டுச்சுங்ணா. அதான் சொல்றேன்" என்றாள்.

அவள் அழவில்லை. என் வாயிலிருந்து வந்த முதல் கேள்வி இதுதான்: "வேற யாருக்காச்சும் தெரியுமா?"

இல்லை என்று தலையாட்டினாள்.

"அப்ப வாய மூடிக்கிட்டு இரு பாப்பா. வேலை போச்சுன்னா ஊடும் போயிரும். அம்மாவ எங்க கூட்டிட்டுப் போறது?"

அவள் என் கையிலிருந்து ஆறிப்போன டீயை வாங்கிக் கொண்டுபோய்க் கொட்டினாள். குடும்பத்தைக் காப்பாற்றத்தானே சொன்னேன் என்று வழியெல்லாம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு வண்டியை ஓட்டினேன். த்தூ, இப்போது நினைத்தாலும் அருவருப்பாக இருக்கிறது.

மறுநாள் மத்தியானம் வக்கீலம்மா அதே ஃபேக்டரி வாசலில் வண்டியை நிறுத்தச் சொன்னார். சாப்பாட்டுக்கு எல்லோரும் வெளியே வரும் நேரம், நிறையப் பேர் கேட்பார்கள் என்பது கணக்கு. அத்தனை பேர் பார்க்க, அந்த ஜீப்பை நோக்கி எந்தப் பெண் நடந்து வருவாள் என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. கேட்டருகே அந்த சூப்பர்வைசர் நின்றுகொண்டிருந்தான். வந்து கை நீட்டி, நல்ல காரியம் செய்கிறீர்கள் என்றான். குலுக்கினேன். இந்தக் கையால்தான் குலுக்கினேன்.

அப்போது தங்கை கூட்டத்திலிருந்து பிரிந்து வந்தாள். யாரையும் பார்க்காமல் நேராக நடந்து வந்து, வக்கீலம்மா பக்கத்துக் கதவில் கை வைத்தாள். தலைக்கு மேலே என் குரல் "என் உடன்பிறந்த சகோதரிகளே" என்று ஆரம்பித்தது. சூப்பர்வைசர் பார்த்துக்கொண்டே இருந்தான். வக்கீலம்மா கண்ணாடியை இறக்கினார்.

நான் முந்திக்கொண்டேன். "எந்தங்கச்சிங்க மேடம். சும்மா என்னையப் பாக்க வந்திருக்கு."

தங்கை என்னைப் பார்த்தாள். கதவிலிருந்து கையை எடுத்தாள். ஆமாங்க, சும்மாதான் என்று வக்கீலம்மாவிடம் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். கேட்டில் அவன் ஒதுங்கி அவளுக்கு வழி விட்டான்.

வண்டியை எடுத்தேன். குரல் நிற்கவில்லை. வெளியே சொல்லுங்கள், நாங்கள் உடன் இருக்கிறோம் என்று முடியும். மறுபடி சகோதரிகளே. ஊருக்குத்தான் உபதேசம் என்பார்களே, அதைக் கூரையில் கட்டிக்கொண்டு ஓட்டிக்கொண்டிருந்தேன். இரண்டாவது வளைவில் வண்டியை ஓரங்கட்டிப் பென்டிரைவைப் பிடுங்கினேன். வக்கீலம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், நான் அவளிடம் சொன்னதை மட்டும் விட்டுவிட்டு.

அவர் என்னைத் திட்டவில்லை. வேலை போய்விடுமா என்று கேட்டேன். புகார் கொடுத்ததற்காக நீக்கக் கூடாது, நீக்கினால் வழக்குப் போடுவோம் என்றார். நீக்க மாட்டார்கள் என்று அவர் சொல்லவில்லை. வண்டியைத் திருப்பச் சொன்னார். "வர்றாங்களான்னு அவங்களையே கேளுங்க. இழுத்துட்டு வரக் கூடாது. அந்த ஆள்கிட்ட ஒரு வார்த்தை பேசக் கூடாது."

ஃபேக்டரிக்குள் சலிக்கும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. தங்கை குனிந்து கூட்டிக்கொண்டிருந்தாள். அவன் என் பின்னாலேயே வந்து, என்ன விஷயம் என்றான். அங்கே கிடந்த இரும்புக் கம்பி ஒன்று என் கண்ணில் பட்டது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"எங்கூட வர்றியா பாப்பா?"

எங்கே என்று கேட்டாள். ஜீப்புக்கு என்றேன். மூன்றடி தூரத்தில் அவன் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அவள் கூட்டியதை முறத்தில் அள்ளி முடித்தாள். எனக்கு அது ஒரு யுகமாக இருந்தது. பிறகு தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து மடித்து வைத்தாள். லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போ என்று அவன் சத்தம் போட்டான். அவள் நிற்கவில்லை.

நேராகக் குன்னூருக்கு வண்டியை விட்டேன். மகளிர் காவல் நிலையத்தில் ஒரு பெண் எஸ்.ஐ. பேனாவை எடுத்துக்கொண்டு, அண்ணன் வெளியே இருக்கட்டுமா என்று தங்கையைக் கேட்டார். எழுந்துவிட்டேன்.

"இருக்கட்டுங்க" என்றாள் தங்கை.

உட்கார்ந்தேன். மூன்று தடவை நடந்ததையும் அவள் வரிசையாகச் சொன்னாள். எந்த நேரம், எந்தக் கதவு, அவன் என்ன சொல்லி மிரட்டினான், எல்லாம். குரல் ஒரு இடத்தில் மட்டும் உடைந்தது. தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தாள். நான் மேஜை விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"முதல்ல யார்கிட்டம்மா சொன்னீங்க?"

"எங்கண்ணங்கிட்டங்க."

"அவர் என்ன சொன்னார்?"

வக்கீலம்மா என் பக்கம் திரும்பினார். ஸ்டேஷனுக்குக் கூட்டி வந்தார் என்று மட்டும் சொல்லிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அப்படி நினைக்கிற துணிச்சல் எனக்கு அப்போதும் இருந்தது.

"வேற யாருக்காச்சும் தெரியுமான்னு கேட்டாருங்க. வாய மூடிக்கிட்டு இருன்னு சொன்னாருங்க."

எஸ்.ஐ. அதை அப்படியே எழுதினார். எழுதி முடித்துத் தலையை நிமிர்த்தி, அப்படித்தான் சொன்னீர்களா என்று என்னைக் கேட்டார்.

ஆமாம் என்றேன். வெறும் காற்றுதான் வந்தது.

"காதுல விழல. கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க."

"ஆமாங்க. அப்படித்தான் சொன்னேன்" என்றேன். தங்கை அப்போதுதான் என் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.