எல்லாவற்றுக்கும் ஆமாம் சொன்ன பள்ளிக்கூடம்

பீளமேட்டுக்குக் கிழக்கே, அவிநாசி ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருந்த தோட்டத்தில் ராசாத்தாளை நம்ப வைப்பது லேசான காரியம் இல்லை. மாட்டுத் தரகர்கள் அவள் வீட்டு வாசலுக்கு வரும் முன்பே பாதி தளர்ந்துபோவார்கள். புருஷன் கந்தப்பன் சாதுவான மனுஷன். "நீ பாத்துச் சொல்லு" என்று ஒதுங்கிக்கொள்வார்.

அவள் எப்போதும் இப்படி இருந்தவள் அல்ல. தம்பி சுப்பண்ணன் கொழும்பில் ஜவுளிக்கடை வைத்திருந்தான். அவன் பெண்டாட்டி அங்கே காய்ச்சலில் படுத்தபோது, "சாதாரணக் காய்ச்சல்தான், பயப்பட ஒன்றுமில்லை" என்று எழுதினான். அதை நம்பி ராசாத்தாள் கொழும்புக்குக் கிளம்பாமல் கடலை பறிக்கப் போனாள். அந்த வாரமே சாவுத் தந்தி வந்தது. அதற்குப் பிறகு "ஒன்றுமில்லை" என்று யார் சொன்னாலும் அவள் துருவிக் கேட்காமல் விட்டதில்லை.

முப்பத்தாறாம் வருஷம் சித்திரையில், பெண்டாட்டியின் முதல் வருஷத் திதிக்காகச் சுப்பண்ணன் இரண்டு குழந்தைகளோடும் ஊருக்கு வந்தான். மூத்தவள் தெய்வானைக்கு ஒன்பது வயது, நாச்சிமுத்துக்கு ஏழு. திதி முடிந்ததும் பேச்சை எடுத்தான்.

"அக்கா, புள்ளைங்க ரெண்டையும் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துல, அங்கயே தங்கிப் படிக்கற மாதிரி சேத்துப்போடலாம்னு இருக்கறனுங்க."

"இங்க என்ற கிட்ட உட்டுட்டுப் போ. பள்ளிக்கூடம் கோயமுத்தூர்ல இல்லாததா?"

"அவங்க பொழப்பு இனி அந்த ஊர்லதானுங்க. சிங்களவங்க, பறங்கிங்க, மலாய்க்காரங்க, குஜராத்திக்காரங்க எல்லாரோடவும் பேசிப் பழகோணும். அதுக்கு இங்கிலீஷ்தான் வேணும்."

அதில் ராசாத்தாளுக்குக் குற்றம் தெரியவில்லை. தெரியாதது அவளை இன்னும் உறுத்தியது.

மறுநாள் சுப்பண்ணன் வரச்சொல்லி, டவுனிலிருந்து வரதராஜுலு என்பவர் குதிரை வண்டியில் வந்து இறங்கினார். சில்க் ஜிப்பா, அத்தர் வாசனை. கண்டிக்கு அப்பால் மலைமேல் புதிதாகத் திறந்திருக்கும் ஒரு பள்ளிக்கு இந்தப் பக்கத்துப் பிள்ளைகளைச் சேர்த்துவிடும் ஏஜெண்டு அவர். பெரிய கட்டடமும் குதிரைமேல் வெள்ளைக்காரப் பையன்களும் இருக்கிற படங்களைப் பரப்பினார்.

ராசாத்தாள் படங்களைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தாள்.

"சின்னவன் கறி இல்லாமச் சோறு திங்க மாட்டானுங்க. தெனமும் போடுவீங்களா?"

"தினமும் உண்டுங்க அம்மணி. ஆட்டுக்கறி, கோழிக்கறி, எது வேணுமோ."

"முருகன் படத்துக்கு வெளக்கு வெக்க உடுவீங்களா?"

"சின்னதாக் கோயிலே கட்டியிருக்காங்க."

"தமிழ் மறந்து போயிருமுங்களே?"

"தமிழுக்குத் தனி வாத்தியாருங்க."

அவள் மோர் கொண்டுவந்து வைத்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை வேறு பேச்சுப் பேசினாள். பிறகு சாதாரணமாகச் சொன்னாள்: "பொண்ணுக்குத்தானுங்க கஷ்டம். அவ சைவம். கறி வாசம் வந்தாலே வாந்தி எடுத்துருவா. பள்ளிக்கூடத்துல அந்த வாசமே வரக்கூடாதுங்க."

"வரவே வராதுங்க அம்மணி. அங்க சமையல்கட்டுல கறிங்கற பேச்சே கிடையாது."

கந்தப்பன் மேல்துண்டால் வாயை மூடிக்கொண்டு வெளியே போனார். வரதராஜுலுவுக்கு எதுவும் உறைக்கவில்லை. புறப்படும்போது, பெரிய லீவிலும் பிள்ளைகள் அங்கேயே இருக்கலாம், தகப்பனார் வருஷத்துக்கு ஒரு முறை வந்தால் போதும் என்று இன்னொரு வசதியையும் சொல்லிவிட்டுப் போனார். அதைக் கேட்டபோது சுப்பண்ணனின் முகம் தெளிந்ததை ராசாத்தாள் கவனித்தாள்.

"கேட்டயா தம்பி, அந்தாளு பேசுனதை?"

"யாவாரம் பேசறவங்க அப்படித்தானுங்க அக்கா பேசுவாங்க. பள்ளிக்கூடம் நல்ல பள்ளிக்கூடம்."

"நீ பாத்திருக்கறயா?"

"பாத்தவங்க சொன்னாங்க."

ஏஜெண்டு மேல் இருந்த சந்தேகம் இப்போது தம்பி மேல் திரும்பிவிட்டது. பொய் என்று தெரிந்தும் ஒருவன் அதைப் பிடித்துக்கொண்டு நின்றால், அவனுக்கு அந்தப் பொய் வேண்டியிருக்கிறது என்று அர்த்தம்.

தெய்வானைக்குத் தலை பின்னிவிடும்போது, "கொழும்பு ஊட்டுல என்ன விசேசம் கண்ணு?" என்று கேட்டாள்.

"வெள்ளையடிச்சாங்க அத்தை. புதுக் கட்டில் வந்துச்சு, பெருசா. எங்க பொட்டியெல்லாம் கடைக்கு எடுத்துட்டுப் போயிட்டாங்க."

ராசாத்தாள் பின்னலை முடித்து ரிப்பன் கட்டினாள். பிறகு கிணற்று மேட்டில் நின்றிருந்த தம்பியிடம் நேராகப் போனாள்.

"பொண்ணு ஆரு?"

சுப்பண்ணன் வாய்க்காலைப் பார்த்தான்.

"நம்ம சனந்தானுங்க அக்கா. உடுமலைப்பேட்டைக்காரங்க, கொழும்புல கடை வெச்சிருக்கறாங்க. ஆவணியில தேதி."

"அதுக்குத்தான் மலை மேல கொண்டுபோய் மறைக்கப் பாத்தயா?"

"மறைக்கலீங்க. புதுசா வர்றவளுக்கும் சங்கடம், புள்ளைங்களுக்கும் சங்கடம். உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரீலீங்க. அவ செத்து ஒரு வருஷந்தானே ஆச்சு."

ராசாத்தாளுக்குக் கோபமாக வந்தது. அழுகையும் வந்தது. எதை முதலில் காட்டுவது என்று தெரியாமல் சேலைத் தலைப்பை இறுக்கிச் செருகிக்கொண்டாள்.

"கண்ணாலம் பண்ணிக்கோ. நானே வந்து நிக்கறேன். ஆனா புள்ளைங்க கூப்புட்டா நீ நடந்துபோய்ச் சேர்ற தூரத்துல இருக்கோணும். கொழும்புலயே வேற பள்ளிக்கூடம் இல்லையா?"

ஒன்று இருந்தது. சுப்பண்ணன் கடைக்கு நாலு தெரு தள்ளி. பெண் பிள்ளைகளும் சின்னப் பையன்களும் தங்கிப் படிக்கிற மிஷன் பள்ளி. அதன் தலைமை ஆசிரியை மிஸ் பார்க்கர் என்ற வெள்ளைக்காரி கோடை விடுமுறைக்கு ஊட்டி போகும் வழியில் கோயமுத்தூரில் சிநேகிதி வீட்டில் தங்குவாள் என்று அவனுக்குத் தெரியும். அவளை அழைத்துவர ராசாத்தாள் சவாரி வண்டியை அனுப்பினாள்.

மிஸ் பார்க்கர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பல வருஷம் யாழ்ப்பாணத்தில் இருந்தவள். தமிழ் பேசினாள், அங்கத்தைய இழுவையோடு.

"தெனமும் கறி போடுவீங்களா?"

"இல்லை. கிழமைக்கு இரண்டு நாள்தான்."

"பசங்க தமிழ் பேசலாமுங்களா?"

"படுக்கப் போகும் முன்னம் ஒரு மணி நேரம் பேசலாம். மற்ற நேரம் இங்கிலீஷ்தான்."

"எங்க சாமியக் கும்புட உடுவீங்களா?"

"பெட்டிக்குள் படம் வைத்துக்கொள்ளலாம். ஆனால் காலையில் எங்கள் ஜெபத்துக்கு எல்லோரும் நிற்க வேணும். எங்கள் வேதமும் படிப்பிப்போம். அதை நான் மறைக்க மாட்டேன். விருப்பமில்லையென்றால் அனுப்ப வேண்டாம்."

சுப்பண்ணன் நெளிந்தான். ராசாத்தாள் அசையவில்லை. இவள் இப்படிச் சொல்வதும் ஒரு தந்திரமாக இருக்கலாம், வேண்டாம் என்று சொல்லியே ஆளை இழுக்கிறவர்களையும் அவள் சந்தையில் பார்த்திருக்கிறாள். அதனால் யாரும் கேட்கத் துணியாததைக் கேட்டாள்.

"உங்க பள்ளிக்கூடத்துல புள்ளை ஏதாச்சும் செத்திருக்குதுங்களா?"

கந்தப்பன், "ஏய்!" என்றார். மிஸ் பார்க்கர் தொப்பியின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"ஓம். ஒரு பிள்ளை. டைபாய்டு. லீலாவதி என்று பெயர்."

"தாயி தகப்பனுக்குச் சொன்னீங்களா?"

"காய்ச்சல் கண்ட அன்றே தந்தி கொடுத்தோம். அவர்கள் ரங்கூனில் இருந்தார்கள். கப்பல் நேரத்துக்கு வந்து சேரவில்லை."

"கடைசியில பக்கத்துல ஆரு இருந்தாங்க?"

"நான்தான்."

அவள் கண் துடைக்கவில்லை, ஆறுதலாகவும் எதுவும் சேர்த்துச் சொல்லவில்லை. ராசாத்தாள் எழுந்து போய் இளநீர் வெட்டிவரச் சொன்னாள். மிஸ் பார்க்கரின் வண்டி போன பிறகும் வெகுநேரம் பருத்திமார் விறகு அடுக்கிய இடத்தில் தனியாக நின்றுகொண்டிருந்தாள். வேதம் படிப்பிப்பார்கள் என்பது அவளுக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. ஆனால் காய்ச்சல் என்றால் அன்றைக்கே தெரிந்துவிடும். கடைசியில் தம்பியிடம், "இந்தம்மா பள்ளிக்கூடத்துலயே சேத்து. லீவு உட்டா அடுத்த ரயிலுக்கு எங்கிட்ட அனுப்போணும்" என்றாள்.

வரதராஜுலுவின் மலைப் பள்ளி மோசடி என்று அவள் ஊரெல்லாம் சொன்னாள். அது நிஜமாகவே நல்ல பள்ளியாக இருந்திருக்கலாம். யாரும் போய்ப் பார்க்கவில்லை.

ஆவணியில் அவள் கல்யாணத்துக்குப் போக முடியவில்லை. கந்தப்பனுக்கு மாடு முட்டிக் கால் ஒடிந்திருந்தது. முதல் லீவில் குழந்தைகள் வந்தபோது இருவரையும் வெளிச்சத்தில் நிறுத்தி நகம், பல், தலை எல்லாம் பார்த்தாள். நாச்சிமுத்து கொஞ்சம் உயரமாகி இருந்தான். தெய்வானை அதிகம் பேசினாள், பாதி இங்கிலீஷில்.

"ஞாயித்துக்கெழமை ஊட்டுக்குப் போறீங்களா? சின்னம்மா என்ன பண்றா?"

"இட்லி சுட்டுத் தர்றாங்க அத்தை. தலைக்கு ஊத்தி உடறாங்க. நல்லவங்க."

"எதுக்கு அத்தனை நல்லவளா இருக்கறாளாம்?"

தெய்வானைக்குச் சிரிப்பு வந்தது. "தெரீலீங்க அத்தை. நான் கேக்கலையே."

புறப்படும் நாளில் ராசாத்தாள் குழந்தைகளுக்குக் கடலை உருண்டை பிடித்துக் கட்டினாள். அடுப்படியில் சற்று யோசித்து நின்றாள். பிறகு இன்னொரு தகர டப்பாவை எடுத்து அதையும் நிரப்பித் தெய்வானையிடம் கொடுத்தாள்.

"இது உங்க சின்னம்மாளுக்கு. அவ கையில குடு." வண்டி கிளம்பும்போது கூடவே நாலு எட்டு நடந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "திங்கறாளா, ஆருக்காச்சும் தூக்கிக் குடுத்தர்றாளான்னு பாத்துட்டு வந்து சொல்லு கண்ணு."